உங்களுக்குத் தெரியுமா? குண்டு எழுத்து... குறும்பு எழுத்து!

மிட்டாய் உறையில் கொழுகொழுவென்று சிரிக்கிறதே, அந்த எழுத்து. பொம்மைக் கடை போர்டில் குதிக்கிறதே, அது. கார்ட்டூன் தலைப்பில் ஆட்டம் போடுகிறதே, அதுவும்தான். எல்லாமே யாரோ ஒருவர் கையால் வரைந்தவை! தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கிறது. மூச்சுவிடாமல் கொட்டுகிறேன். பிடியுங்கள்!

உலகத்தையே சுற்றி வந்த குண்டு எழுத்து ஒன்று உண்டு. பெயர் கூப்பர் பிளாக். பார்த்தால் நேற்றுப் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். பிறந்த ஆண்டு 1922! வயது நூறைத் தாண்டிவிட்டது!

வரைந்தவர் ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர். படம் வரையக் கற்றுக்கொள்ளத்தான் சிகாகோவுக்குப் போனார். கடைசியில் கற்றுக்கொண்டது எழுத்து வரைய!

அந்த எழுத்தில் ஒரு கூர்முனைகூடக் கிடையாது. மூலை முடுக்கெல்லாம் உருண்டை. அடிப்பாகம்கூடத் தட்டை இல்லை. ஆனாலும் வரிசையில் நிறுத்தினால் அப்படியே ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். இவ்வளவு குண்டாக இருந்தும் சட்டென்று படித்துவிடலாம்!

இது யாருக்கான எழுத்து? தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கும் கிட்டப்பார்வையுள்ள அவர்களுடைய வாடிக்கையாளருக்கும். இப்படி விளம்பரம் செய்தது வேறு யாருமல்ல, கூப்பரேதான் என்கிறார்கள்!

பழைமைவாத அச்சகத்தார் கொதித்தார்கள். 'கருப்பு ஆபத்து' என்றே பட்டம் சூட்டினார்கள். விளைவு? அதை வார்த்த பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் நிறுவனத்தின் விற்பனையில் அதுவே முதலிடம்!

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கூப்பருக்குப் பாடம் சொன்ன குரு ஃபிரெடரிக் கௌடி. அமெரிக்காவின் மாபெரும் எழுத்துருக் கலைஞர். கூப்பர் பிளாக் விற்ற வேகத்தைப் பார்த்த ஒரு போட்டி நிறுவனம் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று யாரிடம் போய் நின்றது தெரியுமா? அதே கௌடியிடம்! 1925இல் சிஷ்யனின் எழுத்துக்குப் போட்டியாக குருவே ஒரு குண்டு எழுத்து வரைந்தார்! பெயர் கௌடி ஹெவிஃபேஸ். ஜெயித்தது சிஷ்யன்தான்!

1966. பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு வெளியாகிறது. உறையில் ஆட்டுக்குத் தீனி கொடுக்கும் பாடகர்கள். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு. எந்த எழுத்து? கூப்பர் பிளாக்! அப்போதே அதற்கு வயது 44!

பிரிட்டனில் 'டாட்ஸ் ஆர்மி' என்ற நகைச்சுவைத் தொடரைக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தார்கள். முடிவில் பெயர்கள் ஓடுமே, அவையும் கூப்பர் பிளாக்!

1970களில் பனியனில் பெயர் பொறிக்கும் மோகம் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டியது. எழுத்தை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் போதும், ஒட்டிக்கொள்ளும். கடை கடையாகக் கிடந்தது எந்த எழுத்து? நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

தரையில் மட்டுமா? வானத்திலும் பறக்கிறது! ஈஸிஜெட் விமானங்களின் ஆரஞ்சு நிற எழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 1995 நவம்பர் 10 அன்று லண்டன் லூட்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு முதல் பயணம். டிக்கெட் 29 பவுண்டு! விமானத்தின் உடம்பில் ராட்சத எழுத்தில் டிக்கெட் முன்பதிவுக்கான தொலைபேசி எண்ணையே எழுதிவிட்டார்கள்! ஈய எழுத்துக் காலத்தில் பிறந்த கூப்பர் பிளாக் ஜெட் விமானமும் ஏறிவிட்டது!

குண்டு எழுத்து கூப்பர் காலத்து யோசனை என்று நினைத்தீர்களா? அதற்கும் நூறு ஆண்டுக்கு முன்பே லண்டன் சுவர்களில் கொழுத்த எழுத்துகள் கூத்தடித்தன. ஆரம்பித்து வைத்த பெருமையை ராபர்ட் தோர்ன் என்ற வார்ப்பாளருக்குக் கொடுக்கிறார்கள். அந்த வகைக்குப் பெயரே 'கொழுத்த முகம்'! அதிகம் வாங்கிக் குவித்தவர்களில் லாட்டரிச் சீட்டுக்காரர்களும் உண்டு!

பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனம் தாங்காது. சூடு ஒரே சீராக ஆறாது. விலையோ யானை விலை. அப்புறம் என்ன செய்தார்கள்? மரத்தில் செதுக்கினார்கள்!

1827. நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் மரத்தைக் குடைந்து எழுத்தாக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே மர எழுத்துகளின் விலைப்பட்டியல் அச்சாகிவிட்டது! சர்க்கஸ் போஸ்டர், நாடக போஸ்டர், ஓடிப்போன குதிரையைத் தேடும் போஸ்டர் எல்லாம் மர எழுத்து மயம்!

எந்த மரம்? மேப்பிள்! அதுவும் பலகையாக அறுத்த பக்கத்தில் செதுக்குவதில்லை. மரத்தைக் குறுக்கே வெட்டிய முகத்தில்தான். அங்கேதான் உறுதி அதிகம். ஒரு எழுத்து எத்தனை ஆண்டு உழைக்கும் என்கிறீர்கள்? நூறாண்டுக்கு முன் செதுக்கியவற்றை இன்றும் மை தடவி அச்சடிக்கிறார்கள்!

விஸ்கான்சின் மாநிலத்தில் டூ ரிவர்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜேம்ஸ் எட்வர்ட் ஹாமில்டன் என்பவர் 1880இல் மர எழுத்துத் தொழில் தொடங்கினார். இன்று அந்த ஊரில் மர எழுத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம். உள்ளே எத்தனை எழுத்துக் கட்டைகள்? 15 லட்சம்!

ஜப்பானுக்கு வாருங்கள். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்கலாம். விஷயம் அவ்வளவு ருசி!

1779. இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் எடோ. அங்கே நகமுரா-ஸா என்ற கபுகி நாடகக் கொட்டகை. ஒகஸாகியா கன்ரோகு என்பவரிடம் போர்டு எழுதக் கொடுத்தார்கள். அவர் எழுதிய பாணிக்கு இன்றும் அவருடைய கையொப்பப் பெயர்தான். கன்தேய் பாணி!

தடித்தடியான கோடு. எழுத்துக்குள் வெள்ளை இடமே தெரியாத அளவுக்குக் கருப்பு. ஏன் இப்படி? கொட்டகையில் ஒரு இருக்கைகூடக் காலியாக இருக்கக் கூடாதாம்! போர்டே வேண்டுதல்!

கோடுகளின் முனையைக் கவனித்தீர்களா? எல்லாம் உள்பக்கமாக வளைந்திருக்கும். கூட்டத்தை உள்ளே இழுக்கவாம்! சுமார் 250 ஆண்டாக இதே நம்பிக்கை, இதே வளைவு!

கதை சொல்லிகள் மேடையேறும் யோசே அரங்குகளுக்குத் தனி எழுத்து. அதிலும் வெள்ளை இடம் குறைவு. கூடவே ஒரு சங்கதி. எழுத்து வலப்பக்கம் போகப் போக லேசாக மேலே ஏறும். வசூலும் அப்படியே ஏற வேண்டுமாம்!

கோடைகாலத்தில் ஜப்பானில் ஐஸ் துருவல் விற்கும் கடைகளில் ஒரு கொடி தொங்கும். அதில் 'ஐஸ்' என்ற ஒற்றை எழுத்து. அந்த எழுத்துக்குத் தாடி உண்டு! தூரிகை மயிர் பிரிந்தது போல முனைகளில் இழை இழையாக ஓடும். எத்தனை இழை என்பதற்கும் கணக்கு. 7, 5, 3! மங்கல எண்கள்!

சுமோ மல்யுத்தக்காரர்களுக்கு எழுத்தும் சுமோ உடம்புதான். ஒவ்வொரு போட்டித் தொடருக்கும் வீரர்களின் தரவரிசைப் பட்டியல் ஒரே தாளில் வெளியாகும். யார் எழுதுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கம்ப்யூட்டரா? இல்லவே இல்லை! கோதாவில் நிற்கும் நடுவர்களே தூரிகை பிடித்துக் கையால் எழுதுகிறார்கள்! அதைச் சுருக்கித்தான் அச்சடிக்கிறார்கள்.

முதல் வரிசை வீரர் பெயர் கொட்டை எழுத்தில். கீழே இறங்க இறங்கச் சிறுத்துக்கொண்டே போகும். கடைசி வரிசைக்குச் செல்லப் பெயர் என்ன தெரியுமா? 'பூதக்கண்ணாடி'! அது இல்லாமல் படிக்கவே முடியாது! ஜெயிக்க ஜெயிக்கத் தன் பெயர் குண்டாகிக்கொண்டே போவதை ஒரு வீரர் கண்ணாலேயே பார்க்கலாம். இதைவிடப் பெரிய பரிசு உண்டா?

அங்கிருந்து ஒரே தாவலில் ஜெர்மனி. ருடால்ஃப் கோக் என்ற கலைஞர் 1923இல் நோய்லாண்ட் என்ற முரட்டு எழுத்தை உருவாக்கினார். காகிதத்தில் வரையவே இல்லை. நேராக உலோகத்தில் செதுக்கினார்! ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகக் கையால் செதுக்கியதால் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் ஒன்றுபோல் இருக்காது!

சரியாக 70 ஆண்டு கழித்து அந்த முரட்டு எழுத்து டைனோசரோடு சேர்ந்து உலகத்தையே மிரட்டியது. 'ஜுராசிக் பார்க்' தலைப்பை நினைவுபடுத்திப் பாருங்கள்! அதேதான்!

அமெரிக்காவின் மோரிஸ் ஃபுல்லர் பெண்டன் வரைந்த எழுத்துருக்கள் 200க்கும் மேல்! அதில் ஒரு சுட்டிப் பயல் 1910இல் வந்த 'ஹோபோ'. தேடித் தேடிப் பார்த்தாலும் நேர்கோடு கண்ணில் படாது. எல்லாமே வளைவு!

ஹோபோவில் இன்னொரு வேடிக்கை. ஆங்கிலத்தில் ஜி, பி, ஒய் போன்ற சிறிய எழுத்துகளுக்கு வால் கீழே தொங்கும் அல்லவா? ஹோபோவில் ஒரு வால்கூடக் கோட்டைத் தாண்டி இறங்காது! எல்லாரும் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள்!

1939இல் 'பலூன்' என்று ஓர் எழுத்து வந்தது. தூரிகையால் சரசரவென்று எழுதியது போன்ற தோற்றம். 45 ஆண்டு கழித்துக் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி ஒன்று அதைத் தூக்கி ஆரஞ்சுக் கறைக்கு நடுவே வைத்தது. நிக்கலோடியன்! 1984 முதல் 2009 வரை கால் நூற்றாண்டு அதே எழுத்து! தாத்தா காலத்து எழுத்தைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் குதூகலித்தார்கள்!

பிரான்சின் மார்செய் நகரம். ரொஜே எக்ஸ்கொஃபோன் என்ற ஒரே மனிதர். 1950களில் வரிசையாக மூன்று வெடி போட்டார். 'பாங்கோ', 'மிஸ்ட்ரல்', 'ஷாக்'. மூன்றுமே கையின் வேகத்தை உலோகத்தில் பிடித்து வைத்தவை!

'மிஸ்ட்ரல்' அவருடைய சொந்தக் கையெழுத்து! ஈய எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டை. ஆனால் கோத்து அச்சடித்தால் பேனாவை எடுக்காமல் எழுதியது போல ஒன்றோடொன்று இணையும்! இத்தனை கட்டைகள் எந்த வரிசையில் வந்தாலும் முனையும் முனையும் சந்திக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத 1953இல் இதைச் சாதித்திருக்கிறார்! 2011இல் வந்த 'டிரைவ்' படத்தில் இளஞ்சிவப்பில் மின்னும் டைட்டில் அதே கையெழுத்துதான்!

'பாங்கோ' பிறந்தபோது அதில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளே கிடையாது. எல்லாம் பெரிய எழுத்து. அதைத் தலைப்பாக்கிக்கொண்ட பத்திரிகை எது? ஸ்கேட்போர்டு பிள்ளைகள் கொண்டாடும் 'த்ராஷர்'! 1981இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் பெயர் பனியனாகவே உலகமெங்கும் சுற்றுகிறது!

1966, சான்ஃபிரான்சிஸ்கோ. பாட்டுக் கச்சேரி போஸ்டர்களில் எழுத்துகள் உருகி ஓட ஆரம்பித்தன. வெஸ் வில்சன் என்ற இளைஞரின் கைவண்ணம். எழுத்து தீ மாதிரி எரியும். வீங்கும். கட்டத்தை முட்டி நிரப்பும். படிக்கவே நேரம் பிடிக்கும். அதுதான் வெற்றி! நின்று படித்தார்கள். பிடித்துப்போய்ச் சுவரிலிருந்து கிழித்து வீட்டுக்கே கொண்டுபோனார்கள்!

அந்த எழுத்து எங்கிருந்து வந்தது? ஆல்ஃபிரட் ரோலர் என்ற ஓவியர் 1903இல் வியன்னாவில் ஒரு கண்காட்சிக்கு வரைந்த போஸ்டரிலிருந்து! 63 ஆண்டு தூங்கிய எழுத்து கிடார் சத்தத்தில் எழுந்துவிட்டது!

அதே கூட்டத்தில் விக்டர் மொஸ்கோசோ என்றொருவர். யேல் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படித்தவர். போஸ்டர் சட்டென்று படிக்கும்படி இருக்க வேண்டும், வண்ணங்கள் கண்ணைக் கூசக் கூடாது. இவைதான் பாடம். அவர் செய்தது? கற்ற ஒவ்வொரு விதியையும் தலைகீழாக்கினார்! போஸ்டர் பிய்த்துக்கொண்டு போனது!

வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் மெக்சிகோ நகரத்தில் ஒரு தையற்காரரின் கையால் எழுதிய விளம்பரத்தைப் பார்த்தார். அதிலிருந்த 'ஈ' என்ற ஒரே ஆங்கில எழுத்து அவரைச் சொக்க வைத்தது. படிக்கட்டு மாதிரி வெட்டிய 'ஈ'! அதை வைத்தே அகர வரிசை முழுவதையும் வரைந்தார். பெயர் 'பேபி டீத்'. பால் பற்கள்!

அந்தப் பால் பற்களில் அவர் எழுதிய ஒரே சொல் 'டிலன்'. பாடகர் பாப் டிலனின் வண்ண வண்ணத் தலைமுடிக்குக் கீழே. இசைத்தட்டோடு இலவசமாக மடித்து வைத்துக் கொடுத்த போஸ்டர். எத்தனை பிரதிகள்? சுமார் 60 லட்சம்! பெயர் தெரியாத ஒரு தையற்கடை எழுத்து 60 லட்சம் சுவர்களுக்குப் போய்விட்டது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை!

கிளேசர் பிறந்தது 1929 ஜூன் 26. மறைந்தது 2020 ஜூன் 26! பிறந்த நாளன்றே!

ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாசேஜ் துண்டு போலவே வீங்கியிருக்கும் எழுத்துருவும் உண்டு. பெயரும் 'ஃபிராங்க்ஃபர்ட்டர்'தான்! 1970இல் லெட்ராசெட் வெளியிட்டது. தாளின் மேல் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளுமே, அதே லெட்ராசெட்!

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி. 1972. 'ஃபேஸ் 2' என்ற புனைபெயரில் சுவரில் எழுதிக்கொண்டிருந்த இளைஞர் எழுத்துகளைக் காற்றடைத்த மாதிரி உப்ப வைத்தார். அவர் வைத்த பெயர் 'சாஃப்ட்டி'. இன்று உலகத்தில் எந்த ஊர் சுவரில் குமிழி எழுத்தைப் பார்த்தாலும் மூலம் அங்கேதான்!

அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் வண்டிகளில் சுருள் சுருளாக எழுத்து வரைவார்கள். பெயர் ஃபிலெத்தே. 1975இல் பேருந்துகளில் அதற்குத் தடை! 2015இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்! நாற்பதே ஆண்டில் குற்றவாளி கௌரவ விருந்தாளி ஆகிவிட்டார்!

நம் நாட்டு லாரிப் பின்பக்கத்தை விட முடியுமா? 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்'! அதே 2015இல் மகாராஷ்டிர அரசு அந்த வாசகத்துக்குத் தடை போட்டது. தேவையில்லாமல் ஹாரன் அடிக்கத் தூண்டுகிறதாம்!

டெல்லியில் ஹனீஃப் குரேஷி என்ற கலைஞர் ஒரு காரியம் செய்தார். தெருவில் போர்டு எழுதும் பெயின்டர்களைத் தேடிப் போனார். அ முதல் ஃ வரை என்று நாம் சொல்வோமே, அப்படி அவர்களுடைய எழுத்து முழுவதையும் எழுதி வாங்கிக் கம்ப்யூட்டர் எழுத்துருவாக மாற்றினார்! எழுத்துருவுக்குப் பெயர்? எழுதிய பெயின்டரின் பெயரேதான்! ஃப்ளெக்ஸ் வந்து தூரிகையைத் தூக்கிப் போட்ட நேரத்தில் இப்படி ஒரு வேலை. கைதட்ட வேண்டாமா?

சத்யஜித் ராய் படம் எடுத்தார், இசையமைத்தார், கதை எழுதினார். எழுத்துருவும் வரைந்தார் என்பது தெரியுமா? ஆங்கிலத்துக்கே நான்கு! 'ரே ரோமன்', 'ரே பிஸார்', 'டாஃப்னிஸ்', 'ஹாலிடே ஸ்கிரிப்ட்'. முதல் இரண்டும் 1971இல் சர்வதேசப் போட்டியில் பரிசு வாங்கியவை! தன் படங்களின் போஸ்டர் எழுத்தையும் அவரே வரைந்தார்!

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். காமிக் சான்ஸ்! இந்தப் பெயரைச் சொன்னாலே டிசைனர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் அதன் கட்சி. வெளிப்படையாகவே சொல்கிறேன்!

1994. மைக்ரோசாஃப்ட் அலுவலகம். திரையில் ஒரு கார்ட்டூன் நாய். பெயர் ரோவர். வாயிலிருந்து வரும் பேச்சுக் குமிழியில் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து! அங்கே வேலை பார்த்த வின்சென்ட் கொனேருக்குப் பொறுக்கவில்லை. நாய் பேசுகிற எழுத்தா இது? அலுவலகத்தில் கிடந்த இரண்டு காமிக்ஸ் புத்தகங்களை எடுத்தார். 'தி டார்க் நைட் ரிடர்ன்ஸ்', 'வாட்ச்மென்'. அதைப் பார்த்துத் திரையிலேயே வரைய உட்கார்ந்துவிட்டார்!

எந்த நாய்க்காக வரைந்தாரோ, அந்த நாய் கடைசிவரை அதில் பேசவே இல்லை! நாய் வந்த மென்பொருளின் கட்டங்கள் எல்லாம் டைம்ஸ் நியூ ரோமன் அளவுக்கு ஏற்கெனவே போட்டு முடித்தாகிவிட்டது. புது எழுத்து அதற்குள் அடங்கவில்லை! அந்த மென்பொருள் படுத்தே போனது. எழுத்து மட்டும் விண்டோஸ் 95இல் ஏறி உலகம் முழுக்கப் போய்விட்டது!

2012 ஜூலை 4. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகம். 1964இல் கணித்த ஹிக்ஸ் துகள் கிடைத்துவிட்டது என்று உலகத்துக்கே அறிவிக்கும் நாள். அரங்கில் அதைக் கணித்த பீட்டர் ஹிக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். விஞ்ஞானி ஃபாபியோலா ஜியனொட்டி ஸ்லைடைப் போடுகிறார். எந்த எழுத்தில்? காமிக் சான்ஸ்! அண்டத்தின் ரகசியமே குறும்பு எழுத்தில்!

உலகம் கேலி செய்தது. செர்ன் என்ன செய்தது? இனி எங்கள் அறிவிப்புகள் எல்லாமே காமிக் சான்ஸில்தான் என்று அறிவித்துவிட்டது! தேதி? 2014 ஏப்ரல் 1!

2013இல் பதவி விலகிய போப் 16ஆம் பெனடிக்டுக்காக வாடிகன் ஒரு புகைப்பட ஆல்பம் வெளியிட்டது. எழுத்து? காமிக் சான்ஸ்!

அமெரிக்காவில் இந்த எழுத்தைத் தடை செய்யச் சொல்லி இயக்கம் நடத்திய ஒரு தம்பதி உண்டு. ஸ்டிக்கர், பனியன் எல்லாம் போட்டு அதகளம். 2019இல் அவர்களே 'காமிக் சான்ஸைப் பயன்படுத்துங்கள்' என்று கட்சி மாறிவிட்டார்கள்!

வாசிப்பதில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு எந்த எழுத்தில் அச்சடிக்கலாம்? பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் பரிந்துரைத்த எழுத்துகளில் காமிக் சான்ஸும் ஒன்று! அறிவாளிகள் சிரித்த எழுத்து குழந்தைக்குக் கை கொடுக்கிறது!

கொனேர் தன் எழுத்தைப் பயன்படுத்தியது ஒரே ஒரு முறை என்று பேட்டி கொடுத்திருக்கிறார். ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்துக்குப் புகார்க் கடிதம் எழுத! பலன்? 10 பவுண்டு திரும்பக் கிடைத்தது!

2015இல் வந்த 'அண்டர்டேல்' வீடியோ கேமில் இரண்டு எலும்புக்கூடு சகோதரர்கள். ஒருவன் பெயர் சான்ஸ். பேச்சு காமிக் சான்ஸ் எழுத்தில்! இன்னொருவன் பெயர் பப்பைரஸ். பேச்சு பப்பைரஸ் எழுத்தில்!

அந்தப் பப்பைரஸ் கதை தெரியுமா? கிறிஸ் காஸ்டெல்லோ என்ற 23 வயது இளைஞர் சொரசொரப்பான தாளில் பேனாவால் ஆறு மாதம் கையால் வரைந்தது. கால் நூற்றாண்டு கழித்து 'அவதார்' படத்தின் தலைப்புக்குக் கைகொடுத்தது. வசூலில் உலகத்தையே தூக்கிச் சாப்பிட்ட படம்!

காமிக்ஸ் படிக்கிற உங்களுக்கு ஒரு சவால். ஆங்கிலக் காமிக்ஸில் 'ஐ' என்ற எழுத்து இரண்டு விதமாக இருக்கும். மேலும் கீழும் பட்டை போட்ட 'ஐ' முக்கியமாக 'நான்' என்று வரும் இடத்துக்குத்தான்! சொல்லுக்கு நடுவில் வந்தால் வெறும் குச்சி! இனி எடுத்துப் பாருங்கள், கண்ணை விட்டுப் போகாது!

இன்னொரு கண்கட்டு வித்தை. நல்ல எழுத்துருவில் ஆங்கில 'ஓ' பக்கத்திலிருக்கும் 'ஹெச்'சை விட லேசாக உயரம் அதிகம்! அளவு சரியாக இருந்தால் 'ஓ' குட்டையாகத் தெரியும். கண்ணை ஏமாற்றினால்தான் கண்ணுக்குச் சமமாகத் தெரிகிறது!

கையால் எழுதினால் எந்த இரண்டு எழுத்தும் ஒன்றுபோல் இருக்காது. கம்ப்யூட்டர் எழுத்து அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்! ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வரைந்து எழுத்துருவுக்குள் ஒளித்து வைக்கிறார்கள். அடுத்தடுத்து ஒரே எழுத்து வந்தால் தானாகவே மாற்றிப் போடும்!

இதில் உச்சத்துக்குப் போனவர்கள் இரண்டு டச்சு இளைஞர்கள். யுஸ்ட் வான் ரோசம், எரிக் வான் பிளாக்லாண்ட். அவர்களுடைய 'பியோவுல்ஃப்' எழுத்துருவை அச்சடித்தபோது ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தது! நூறு 'ஏ' அடித்தால் நூறும் நூறு விதம்! 2011இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 23 டிஜிட்டல் எழுத்துருக்களைக் கலைப்பொருளாகச் சேர்த்தது. அதில் இதுவும் ஒன்று!

அந்த யுஸ்டின் அண்ணன் யார் தெரியுமா? கீடோ வான் ரோசம். 'பைத்தான்' என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படைத்தவர்! ஒரே வீட்டில் எழுத்தை ஆட வைத்தவர் ஒருவர், கம்ப்யூட்டரைப் பேச வைத்தவர் இன்னொருவர்!

தமிழுக்குக் குண்டு எழுத்து வரைவது விளையாட்டல்ல. ஆங்கிலத்தில் 26 பெரிய எழுத்து, 26 சிறிய எழுத்து. நமக்கு 247! துணைக்காலும் கொம்பும் தனியாக வருவதால் கொஞ்சம் தப்பிக்கலாம். ஆனால் கு, கூ வரிசை விடாது. ஒவ்வொரு மெய்க்கும் தனித்தனி வளைவு. அந்த இரண்டு வரிசைக்கு மட்டும் 36 வடிவம்!

அதுவும் குண்டாக வரைய வேண்டும். 'ணு'வைப் பாருங்கள். 'ஞூ'வைப் பாருங்கள். எத்தனை சுழி! கோடு தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கும் வெள்ளை ஓட்டை சுருங்கும். ஓட்டை அடைத்தால் எழுத்தே போச்சு! ஒவ்வொரு சுழியிலும் எவ்வளவு கருப்பு, எவ்வளவு வெள்ளை என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார்கள்!

'காய்னி' என்று ஓர் எழுத்துரு. ஆங்கிலமும் தமிழும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே கொழுகொழு! காசு கேட்காமல் கூகுள் ஃபான்ட்ஸில் காத்திருக்கிறது!

மும்பையின் 'ஏக் டைப்' குழு ஒரு கரடிக் குடும்பத்தையே களம் இறக்கியது. பெயர் 'பலூ'. ஆம், 'ஜங்கிள் புக்' கரடிதான்! கரடி மாதிரியே பெருத்த உடம்பு, மழுங்கிய பாதம். இந்தி எழுத்தில் தொடங்கி இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் ஒரே குணத்தில் ஒரு கரடி! ஒவ்வொரு மொழிக்காரரும் தங்கள் ஊர் சகோதரனைக் கூப்பிடுகிற பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்! குஜராத்தியில் பலூ பாய். உருதுவில் பலூ பாய்ஜான். வங்காளத்தில் பலூ தா. பஞ்சாபியில் பலூ பாஜி. ஒடியாவில் பலூ பைனா. கன்னடத்தில் பலூ தம்மா. தெலுங்கில் பலூ தம்முடு. மலையாளத்தில் பலூ சேட்டன்!

தமிழில்? பலூ தம்பி! முதலில் வந்தபோது ஒரே ஒரு தடிமன்தான். அடுத்து வந்த 'பலூ 2'இல் தம்பிக்கு ஐந்து தடிமன்! இதுவும் இலவசம்தான். கல்யாணப் பத்திரிகைக்கோ, கடை போர்டுக்கோ, பிள்ளையின் பிறந்தநாள் பேனருக்கோ இறக்கிக்கொள்ளுங்கள். ஐந்திலும் குண்டான ஐந்தாவதை எடுத்து 'ணு' அடித்துப் பாருங்கள். ஒரு ஓட்டைகூட அடைபட்டிருக்காது!